பட்டறைக் கேள்வி பதில்: பிக்கப்பை எத்தனை இன்ச் தூக்கலாம்?

போன மாதம் கமான் பட்டை, அதாவது வண்டியின் எடையைத் தாங்குகிற வளைந்த இரும்புப் பட்டை அடுக்கு பற்றி எழுதினேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைக் கேட்கின்றன: பிக்கப் வண்டியின் சஸ்பென்ஷனைத் தூக்கினால் கரடுமுரடான பாதையில் நன்றாகப் போகுமா? இந்த மாதப் பக்கம் முழுவதும் அதற்கே. கேட்டவர்களின் ஊரையும் தொழிலையும் மட்டும் ஒவ்வொரு கேள்விக்குக் கீழும் போட்டிருக்கிறேன். கடலூர் முதுநகரில் பட்டறை வைத்திருப்பவன் நான். தினமும் வண்டிக்கு அடியில் பார்ப்பதை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

காடாம்புலியூர் பக்கம் எனக்கு முந்திரித் தோப்பு. இசுசு வி-கிராஸ் பிக்கப் வைத்திருக்கிறேன், ஃபோர் வீல் டிரைவ், டயர் 245/70 ஆர்16. மழைக்காலம் முடிந்தால் தோப்புப் பாதையில் டிராக்டர் போய்ப் போய் இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் திட்டு. வண்டியின் அடி இடிக்கிறது. 4 இன்ச் தூக்கினால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொல்கிறார். தூக்கலாமா?
– விவசாயி, பண்ருட்டி வட்டம்

வேண்டாம் ஐயா. 4 இன்ச் உங்கள் பாதைக்குத் தேவையில்லை. அதைவிட முக்கியம், நீங்கள் சொல்கிற இடியை அது தீர்க்காமலே போகலாம். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் மாதிரி வண்டியில் தரைக்கு மிக அருகில் இருப்பது பின் அச்சின் நடுவில் தொங்குகிற, இன்ஜின் சக்தியை இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியல் உருண்டை. அச்சு சக்கரத்தோடு சேர்ந்தது, சேஸியோடு சேர்ந்தது அல்ல. பட்டையை மாற்றினாலும், பட்டையின் நுனியைச் சேஸியோடு இணைக்கிற ஷேக்கிளை நீட்டினாலும், அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்தாலும் மேலே போவது சேஸி, கேபின், பின் தொட்டி மூன்றும்தான். உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்த நம் கைக்கு எட்டுகிற வழி பெரிய டயர் மட்டுமே. அதிலும் கூடுகிற விட்டத்தில் பாதிதான் கிடைக்கும். உங்கள் டயரின் விட்டம் சுமார் 749 மி.மீ. அதே ரிம்மில் 265/70 போட்டால் 777 மி.மீ. வித்தியாசம் 28 மி.மீ., உருண்டைக்குக் கிடைப்பது வெறும் 14. நடுத்திட்டில் இடிப்பது உருண்டைதான் என்றால், 4 இன்ச் தூக்கின பிறகும் அதே இடத்தில் அதே சத்தம் கேட்கும்.

அதனால் எது இடிக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். இதற்குச் செலவே இல்லை. கொஞ்சம் சுண்ணாம்பைக் கெட்டியாகக் குழைத்துக்கொள்ளுங்கள். டிஃபரன்ஷியலின் அடி, கியர்பாக்ஸைத் தாங்குகிற குறுக்குச் சட்டம், இரண்டு பக்கப் படி, பின் பம்பரின் அடி, முன்பக்கம் இன்ஜினுக்குக் கீழே இருக்கும் தகடு, இந்த இடங்களில் எல்லாம் தீட்டிக் காயவிடுங்கள். வழக்கமான லோடோடு, வழக்கமான வேகத்தில் ஒருமுறை தோப்புக்குப் போய் வாருங்கள். வீட்டுக்கு வந்து கீழே படுத்துப் பார்த்தால் எங்கே சுண்ணாம்பு உரிந்து செம்மண் ஏறியிருக்கிறதோ அங்கேதான் பிரச்சினை. பட்டறைக்கு வருகிற எல்லோரையும் இதைச் செய்துவிட்டு வரச் சொல்வேன். "அடி இடிக்குது" என்று மொத்தமாகச் சொன்னவர், இரண்டாம் முறை வரும்போது "இடது படி மட்டும்தான் உரியுது" என்று வந்து நிற்பார். படியைக் கழற்றினால் வேலை முடிந்தது.

உருண்டையில்தான் உரிந்திருக்கிறது என்றால் வண்டியை விட்டுவிடுங்கள், பாதையைச் சரிசெய்யுங்கள். பாதை உங்களுடையது. டிராக்டரில் பிளேடு மாட்டி, மண் லேசான ஈரத்தோடு இருக்கும்போது திட்டைச் சீவிப் பள்ளத்தில் தள்ளினால் அந்தப் பருவம் முழுக்கக் கவலையில்லை. நம் பக்கத்துச் செம்மண் காய்ந்தால் கல்லாக இறுகும். அப்புறம் சீவ முடியாது. அதுவரை ஒரு சக்கரம் திட்டின் மேலும் இன்னொன்று ஓரக் கரையின் மேலும் ஏறும்படி ஓட்டுங்கள்.

குறுக்குச் சட்டத்திலோ, வாய்க்கால் கரை ஏறும்போது முன் தகட்டிலோ உரிந்திருந்தால், அப்போது சஸ்பென்ஷனைத் தூக்குவதில் நியாயம் இருக்கிறது. சக்கரங்களுக்கு நடுவே வயிறு தட்டுவதும், முன் மூக்கும் பின் வாலும் மண்ணைக் கிளறுவதும் அதனால் நிச்சயம் குறையும். ஆனால் 2 இன்ச் போதும். அந்த 2 இன்ச்சையும் முழுமையாகச் செய்ய வேண்டும்.

உங்கள் வண்டியில் பின்னால் பட்டை, முன்னால் சக்கரத்தைப் பிடித்திருக்கிற மேல், கீழ் என்ற இரட்டைக் கை, காயில் ஸ்பிரிங். பின்னால் தூக்குவது சுலபம், தப்பாகச் செய்வது அதைவிடச் சுலபம். ஷேக்கிளை நீட்டினால் நீட்டியதில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும். கூடவே அச்சு லேசாகச் சுழன்று, கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறும். அப்படி மாறினால் அந்த ஷாஃப்ட்டின் மூட்டில் இருக்கும் கிராஸ் சீக்கிரம் தேயும், வேகம் ஏறும்போது ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் ஓர் அதிர்வு வரும். கட்டை வைத்துத் தூக்கினால் கிளட்சை விட்டதும் அச்சு முறுக்கிக்கொண்டு பட்டையை எஸ் வடிவத்தில் வளைக்கும். கட்டை உயர உயர இது கூடும். நல்ல வழி, சரியான வளைவோடு செய்த முழுப் பட்டை செட்டும் அதற்கேற்ற நீள ஷாக்கும். பழைய ஷாக்கையே விட்டால், சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஷாக் முழுக்க இழுபட்டு அதன் மாட்டும் இடத்தைப் பிய்க்கும்.

முன்னால், ஷாக்கின் தலையில் ஒரு வட்டு வைத்து உயர்த்துகிற வேலை ரொம்பப் பரவலாக நடக்கிறது. வட்டு உயரத்தைக் கொடுக்கும், சக்கரத்தின் ஆட்டத்தைக் கூட்டாது. மேலே போன அளவுக்குக் கீழே இறங்குகிற இடம் குறைந்துவிடும். கரட்டுப் பாதையில் நமக்கு வேண்டியது சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கி மண்ணைத் தொடுவது. சக்கரம் அந்தரத்தில் சுழன்றால் ஃபோர் வீல் டிரைவ் இருந்தும் பயனில்லை. இன்னொன்று, முன் சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட்டின் சரிவு கூடும். 2 இன்ச் வரை அந்த ஷாஃப்ட்டின் மூட்டான சிவி ஜாயின்ட் பொறுத்துக்கொள்ளும். 4 இன்ச்சில் அதன் ரப்பர் உறை எப்போதும் மடங்கியே இருந்து கிழியும். கிழிந்த உறைக்குள் செம்மண் போனால் ஜாயின்ட் டகடகவென்று சத்தம் போட ஆரம்பிக்கும். மேல் கையின் பால் ஜாயின்ட்டும் அப்படித்தான், கோணத்தின் எல்லையில் நின்று வேலை செய்யும்.

இனி பிரேக். இதற்காகத்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். சேஸி மேலே போகிறது, அச்சு கீழேயே நிற்கிறது. நடுவில் ஒரு ரப்பர் பிரேக் ஹோஸ் இருக்கிறது, ஏபிஎஸ் ஒயர் இருக்கிறது. வண்டி தரையில் நிற்கும்போது எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஜாக்கியில் சேஸியைத் தூக்கி, நான்கு சக்கரங்களும் முழுக்கத் தொங்கும் நிலையில், ஸ்டியரிங்கை இரண்டு கோடிக்கும் திருப்பி ஒவ்வொரு ஹோஸையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். விறைப்பாக இழுத்திருந்தால் நீளமான ஹோஸ் போட்டே தீர வேண்டும். இதைச் செய்து உங்களிடம் காட்டாத பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துப்போகாதீர்கள். பிறகு அலைன்மென்ட். வேலைக்கு முன் எடுத்த தாளும் வேலைக்குப் பின் எடுத்த தாளும் உங்கள் கையில் இருக்கட்டும்.

பொலிரோ பிக்கப்பில் துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றுகிறேன். பின்பக்கம் அமுங்கிவிட்டது. இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டு 3 இன்ச் தூக்கினால் லோடும் தாங்கும், படகு நிற்கிற இடம்வரை மணலிலும் இறங்கலாம் என்கிறார்கள்.
– ஓட்டுநர், கடலூர் முதுநகர்

அண்ணே, அமுங்கிப்போன பட்டையைச் சரிசெய்வது வேறு, நல்ல பட்டையின் மேல் உயரம் கூட்டுவது வேறு. உங்களுக்கு வேண்டியது முதலாவது.

மீன் வண்டியின் பட்டையைப் பார்த்தவுடன் சொல்லிவிடலாம். ஐஸ் உருகிய தண்ணீர் உப்போடு கலந்து, தொட்டியின் பின்மூலையில் கதவு சேருகிற இடத்தில் சொட்டும். பெரும்பாலும் ஒரே மூலையில்தான் சொட்டும், ஏனென்றால் வண்டி எப்போதும் அந்தப் பக்கம் சாய்ந்து நிற்கும். அதற்கு நேர் கீழே பட்டைகளின் நடுவே துரு ஊறி, உப்பி, அப்பளம் மாதிரி அடுக்கடுக்காகப் பெயர்ந்து வரும். ஸ்க்ரூ டிரைவர் முனையை விட்டால் பொடியாகக் கொட்டும். அந்தத் துருக்குழியிலிருந்துதான் விரிசல் ஆரம்பிக்கும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து, மெயின் பட்டையின் கண்ணைச் சுற்றியும் பட்டைகளை ஒன்றாகப் பிடித்திருக்கிற சென்டர் போல்ட் போகும் துளையைச் சுற்றியும் பாருங்கள். சென்டர் போல்ட் அறுந்திருந்தால் அச்சு மெல்ல நகரும். டயர் ஒரு பக்கம் மட்கார்டை உரசுகிறது, வண்டி கொஞ்சம் கோணலாக ஓடுகிறது என்று ஓட்டுநர்கள் வந்து சொல்வது பல நேரம் இதைத்தான்.

வண்டியைக் காலியாகச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு வளைவு வரை இரண்டு பக்கமும் டேப்பால் அளந்து பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தப் பக்கம் ஏதோ உடைந்திருக்கிறது அல்லது சோர்ந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். பழைய பட்டையை அடித்து வளைவு கொடுத்து மாட்டினால் கொஞ்ச நாளில் மறுபடி அமுங்கும். நெருப்பில் காய்ச்சி வளைத்து அப்படியே ஆறவிட்டால் அதன் பதமே போய்விடும். உப்புத் துரு ஏறிய பட்டைக்குப் புது செட்தான் மருந்து. புது செட் போட்டாலே இழந்த உயரம் திரும்பிவிடும்.

இரண்டு பட்டை கூட்டுவது பற்றி. லோடு இருக்கும்போது நிமிர்ந்து நிற்கும், உண்மைதான். காலியாகத் திரும்பும்போது? பின்பக்கம் விறைத்துக்கொண்டு குதிக்கும். குதிக்கிற சக்கரத்துக்குப் பிடிப்பு கிடையாது. உங்கள் வண்டி பின்சக்கர ஓட்டம். மணலில் அந்தப் பிடிப்பை நம்பித்தான் இறங்குகிறீர்கள். தடிமன் விஷயத்திலும் கவனம் வேண்டும். அதே நீள அகலத்தில் 8 மி.மீ. பட்டைக்குப் பதில் 10 மி.மீ. போட்டால் அந்தப் பட்டையின் விறைப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். "சும்மா ஒரு கனமான பட்டை சேர்த்திருக்கேன்" என்று யாராவது சொன்னால் அது சும்மா இல்லை.

பட்டை கூடியதால் வண்டி தாங்கும் எடை கூடிவிட்டது என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். அச்சு, ஹப் பேரிங், பிரேக், டயர், சேஸி எல்லாம் பழைய கணக்குக்குச் செய்தவை. ஆர்.சி.யில் போட்டிருக்கும் மொத்த எடைதான் எடை.

உங்கள் வண்டியில் பின் அச்சுக்கும் சேஸிக்கும் நடுவே ஒரு சின்னக் கம்பியோடு லோடு வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். லோடு ஏறி வண்டி அமுங்கினால் அந்தக் கம்பி நகர்ந்து பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும். காலியாக இருந்தால் குறைக்கும். நீங்கள் 3 இன்ச் தூக்கினால் அந்த வால்வுக்கு வண்டி எப்போதும் காலி மாதிரியே தெரியும். தொட்டி நிறைய மீனும் ஐஸும் ஏற்றிக்கொண்டு வேகமாகப் போகிற நேரத்தில் பின் பிரேக் பாதி வேலைதான் செய்யும். பட்டை மாற்றினாலும், உயரம் மாறினாலும், அந்தக் கம்பியைக் கம்பெனி அளவுக்குச் சரிசெய்யாமல் வண்டியை எடுக்கவே கூடாது. பட்டை கட்டுகிற இடங்களில் பலர் இதைத் தொடுவதே இல்லை. இது எனக்குப் பெரிய ஆதங்கம். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், நீங்களே கேட்டு வாங்குங்கள்.

பட்டையை அச்சோடு சேர்த்துப் பிடிக்கிற யூ போல்ட்டைக் கழற்றினால் புதுசுதான் போட வேண்டும். 500 கி.மீ. ஓடியதும் ஒருமுறை வந்து முறுக்கிக்கொள்ளுங்கள். தினமும் மீன் இறக்கியதும் நல்ல தண்ணீரைப் பட்டைமேல் பீய்ச்சி அடியுங்கள். தொட்டியில் தேங்குகிற தண்ணீரை ஒரு குழாய் வைத்து அச்சுக்குப் பின்னால் கொண்டுபோய் விடுங்கள். இந்தச் சின்னக் குழாய் உங்கள் பட்டையின் ஆயுளை நீட்டும்.

ஹைலக்ஸ் வாங்கியிருக்கிறேன், 265/60 ஆர்18 டயர். 2 இன்ச் பாடி லிஃப்ட், 33 இன்ச் டயர் போட ஆசை. புதுச்சேரி பதிவு எண். ஆர்.டி.ஓ. பிரச்சினை வருமா?
– மாணவர், லாஸ்பேட்டை

வரும் தம்பி. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் ஒரு கேரள வழக்கில் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. மத்தியச் சட்டம் என்பதால் புதுச்சேரி, தமிழ்நாடு என்ற வித்தியாசம் இல்லை. எதைச் செய்தாலும் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி விபத்துக் கோரிக்கையை மறுத்தால் வாதாட உங்களிடம் ஒன்றும் இருக்காது.

சட்டத்தை விடுங்கள், வேலையையே எடுத்துக்கொள்வோம். பாடி லிஃப்ட் என்பது சேஸிக்கும் கேபினுக்கும் நடுவே கட்டை வைப்பது. சேஸி, கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் எதுவும் ஒரு மி.மீ.கூட உயராது. பெரிய டயர் நுழைய இடம் கிடைக்கும், அவ்வளவுதான். அதற்காக ஸ்டியரிங் தண்டு, ரேடியேட்டர் விசிறிக் கூடு, எர்த் ஒயர் எல்லாவற்றையும் சரிக்கட்ட வேண்டும். 33 இன்ச் என்றால் 838 மி.மீ.; இப்போது இருப்பது சுமார் 775. மீட்டர் 100 காட்டும்போது நீங்கள் 108-இல் போய்க்கொண்டிருப்பீர்கள். டயரின் எடை கூடுவதால் பிரேக் பிடிக்கும் தூரமும் நீளும்.

உங்கள் வண்டியில் பின் டிஃப் லாக் இருக்கிறது. ஒரு சக்கரம் தொங்கினாலும் இன்னொன்று தள்ளும். அதைச் சரியாகப் பயன்படுத்தப் பழகுங்கள். இருக்கிற அளவிலேயே தார் ரோடு, மண் இரண்டுக்கும் ஏற்ற நல்ல ஆல் டெரெய்ன் டயர் போடுங்கள். ஊசுடு ஏரிக்கரையிலிருந்து கேப்பர் மலைச் செம்மண் பாதை வரை இந்தச் சுற்றுவட்டாரத்தில் நீங்கள் போக நினைக்கிற இடத்துக்கெல்லாம் அது போதும்.

என் கணவர் பிக்கப்பை 4 இன்ச் தூக்கியிருக்கிறார். வளைவில் சாய்கிறது, குழந்தைகளோடு போகப் பயமாக இருக்கிறது. பழகிவிடும் என்கிறார்.
– ஆசிரியை, நெல்லிக்குப்பம்

உங்கள் பயம் நியாயமானது அம்மா. ஒரு கணக்கு சொல்கிறேன், கணவருக்கும் காட்டுங்கள். வண்டி கவிழாமல் நிற்கிற திறனை, இரண்டு சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தில் பாதியை எடையின் மையம் நிற்கிற உயரத்தால் வகுத்துத் தோராயமாகப் பார்ப்பார்கள். அகலம் 1,570 மி.மீ., மைய உயரம் 700 மி.மீ. என்று ஓர் உதாரணம் வைத்துக்கொண்டால் 1.12 வரும். 4 இன்ச், அதாவது சுமார் 100 மி.மீ. உயர்ந்தால் 0.98. மேலே கேரியரில் சாமான் ஏற்றினால் இன்னும் குறையும். நேர்ச் சாலையில் இது தெரியாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் குறுக்கே மாடு வந்து ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடிக்கும்போதுதான் தெரியும். ஓட்டுகிறவர் எவ்வளவு பழகினாலும் இந்த எண் மாறாது.

2 இன்ச்சுக்கு இறக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பழைய பட்டையும் ஸ்பிரிங்கும் பத்திரமாக இருக்கின்றனவா என்று கேளுங்கள், ஒரே நாளில் திரும்ப மாட்டிவிடலாம். அதுவரை குழந்தைகளை வேறு வண்டியில் அழைத்துப் போங்கள். முகப்பு விளக்கையும் கீழே இறக்கிச் சரிசெய்யச் சொல்லுங்கள். தூக்கின வண்டியின் வெளிச்சம் எதிரே வருகிற பைக்காரர் கண்ணில்தான் நேராக அடிக்கும்.

வெள்ளக் காலத்தில் ஊரைவிட்டு வெளியே வரத் தூக்கின வண்டி உதவுமா?
– உரக்கடை வைத்திருப்பவர், காட்டுமன்னார்கோவில்

தேங்கி நிற்கிற தண்ணீரில் ஓரளவு உதவும். ஓடுகிற தண்ணீரில் உதவாது. 2015 வெள்ளத்திலும், 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பிறகு தென்பெண்ணை பெருகியபோதும் நம் மாவட்டம் பட்டது எல்லோருக்கும் தெரியும். முழங்கால் அளவு தண்ணீர் வேகமாக ஓடினால் பெரும்பாலான வண்டிகளை அது தள்ளிக்கொண்டு போகும். பெரிய டயருக்குள் காற்று அதிகம், மிதப்பதும் அதிகம். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் எந்த வண்டியானாலும் இறக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

தேங்கின தண்ணீருக்கு இன்னொன்று கவனிக்க வேண்டும். தூக்கினால் இன்ஜின் காற்றிழுக்கும் வாய் அந்த அளவு மேலே போகும், ஆனால் டிஃபரன்ஷியல் அதே உயரத்தில் தண்ணீருக்குள்தான் இருக்கும். ஓடிச் சூடான அந்த இரும்பு சட்டென்று குளிர்ந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, மேலே உள்ள மூச்சுக்குழாய் வழியாகத் தண்ணீரை இழுக்கும். அந்தக் குழாய்க்கு ஒரு ரப்பர் டியூப் மாட்டி மேலே தொட்டிவரை கொண்டுபோய்க் கட்டிவிடுங்கள். தண்ணீரில் ஓட்டிய பிறகு டிஃபரன்ஷியல் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள், பால் கலந்த நிறத்தில் இருந்தால் உடனே மாற்றுங்கள். உங்கள் ஊர்க் களிமண்ணுக்கு உயரத்தைவிட டயரின் பல் முக்கியம். சாலை டயரின் பள்ளத்தில் களி அப்பிக்கொண்டால் 6 இன்ச் தூக்கின வண்டியும் நின்ற இடத்திலேயே வழுக்கும்.

கடற்கரை மணலில் வண்டி புதைகிறது. தூக்கினால் சரியாகுமா?
– படகு உரிமையாளர், பரங்கிப்பேட்டை

காற்றை இறக்கினால் சரியாகும். 35 பி.எஸ்.ஐ. இருந்தால் 20-க்கு, அதற்கும் நகராவிட்டால் 18-க்கு இறக்குங்கள். டயர் நீளவாக்கில் படர்ந்து மணல்மேல் நிற்கும். லோடு ஏறியிருந்தால் அவ்வளவு இறக்காதீர்கள், பக்கச் சுவர் மடங்கிவிடும். மெதுவாகப் போங்கள், ஸ்டியரிங்கை ஒடிக்காதீர்கள். 15-க்குக் கீழே போனால் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடலாம். தார் ரோடு ஏறும் முன் திரும்ப நிரப்ப ஒரு சின்ன கம்ப்ரஸர் வண்டியிலேயே இருக்கட்டும். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமை இந்தக் கரையில் முட்டையிடும். அந்த மாதங்களில் அலை ஏறுகிற கோட்டுக்கு மேலே உள்ள காய்ந்த மணலில் சக்கரம் படாமல், வழக்கமாக வண்டி போகிற தடத்திலேயே போய் வாருங்கள்.

2 இன்ச் தூக்கின பிறகு, திருப்பம் முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வரவில்லை. அலைன்மென்ட் பார்த்துவிட்டோம், "டோ" சரியாக இருக்கிறது என்கிறார்கள்.
– காய்கறி வியாபாரி, வில்லியனூர்

டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கிற அளவு) மட்டும் பார்த்தால் போதாது, காஸ்டர் (பக்கவாட்டில் பார்த்தால் சக்கரம் திரும்புகிற அச்சு சாய்ந்திருக்கிற கோணம்) பார்க்க வேண்டும். ஸ்டியரிங் நடுவுக்குத் திரும்புவது காஸ்டர் கோணத்தால்தான். முன்பக்கம் தூக்கும்போது அது குறைந்துவிடும். கீழ்க் கையின் போல்ட்டில் இருக்கும் திருகில் சரிசெய்கிற இடம் தீர்ந்துவிட்டால், கோணம் மாற்றி அமைத்த மேல் கை போட வேண்டிவரும். பால் ஜாயின்ட் இறுகியிருந்தாலும் இதே தொல்லை வரும், முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். அலைன்மென்ட் தாளில் காஸ்டர், கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் சாய்வு), டோ மூன்றும் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக அச்சாகி வரும். அந்தத் தாளின் நகலையும் வண்டியின் மாடலையும் எழுதி அனுப்புங்கள், அடுத்த மாதம் பார்த்துச் சொல்கிறேன்.